ரயில் ஹாரன் வாங்கிய மாதம்

ஜனவரி 4, சனி

லாரி வாசலுக்கு வந்து நின்றபோது அதற்கு முன்கண்ணாடி இல்லை. அப்பா தலையெல்லாம் புழுதியோடு இறங்கி, "காத்து நல்லா வருது. ஏசி வண்டி மாதிரி" என்றார். அம்மா சிரிக்கவில்லை. லோடுமேன் மல்லு அண்ணனும் சிரிக்கவில்லை. அப்பா எது சொன்னாலும் சிரிப்பவர் அவர்.

நடந்தது இதுதான். தாளவாடியில் கரும்பு ஏற்றி மலையிறங்கி ஆலைக்குக் கொண்டுபோவது அப்பாவின் தொழில். காரப்பள்ளம் செக்போஸ்டுக்கு முந்தின வளைவில் யானைகள் கரும்பு லாரிகளை மறிக்கும். இது எங்கள் ஊரில் செய்தியே இல்லை. மேலேயிருந்து ஒரு கட்டுக் கரும்பைத் தள்ளிவிட்டால் யானை அதைத் தின்னப் போகும், லாரி நகர்ந்துவிடும். ஆனால் இனிமேல் கரும்பு போட்டால் அபராதம் என்று இந்த வாரம்தான் வனத்துறையினர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அப்பா இன்று போடவில்லை. யானை கண்ணாடியைத் தட்டியது. தட்டியது என்றுதான் அப்பா சொன்னார். கண்ணாடி முழுவதும் அவர் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

"நம்ம ஹாரன் கொசு கத்தற மாதிரி இருக்குது. ரயில் ஹாரன் ஒண்ணு மாட்டோணும். ஒரு அமுக்கு அமுக்குனா காட்டுக்குள்ள ஓடிரோணும்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "நீதான் படிக்கறவ. எது நல்லா கத்தும், எது நம்ம கைக்கு அடங்கும்னு பாத்துச் சொல்லு அம்மணி" என்றார்.

வீட்டில் எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு தரப்பட்டதில்லை. படுக்கும் முன் அப்பாவின் சட்டையை உதறினேன். பையிலிருந்து கண்ணாடித் துகள் கற்கண்டு போல உதிர்ந்தது.

ஜனவரி 6, திங்கள்

நூலகத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் மேல்வகுப்பு இயற்பியல் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒலி பற்றிய பாடங்களைப் படித்தேன். ஒலியின் அளவு டெசிபல். தூரம் கூடக்கூட ஒலி குறையும். தாழ்ந்த குரல் மரங்களைத் தாண்டிப் போகும், கீச்சுக் குரல் போகாது. ரயில் ஹாரன் ஏன் அவ்வளவு தூரம் கேட்கிறது என்பது எனக்கு இப்போது தெரியும். நீளமான குழல், அதிக அழுத்தமுள்ள காற்று.

அறிவியல் சாரிடம் கேட்டேன். "எதுக்கும்மா, கண்காட்சிக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். யானைக்கு என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

ஜனவரி 8, புதன்

கண்ணாடி மாட்டியாயிற்று. ஆனாலும் அப்பா லோடுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லையாம். இன்றைய லோடு வேறு லாரிக்குப் போனது.

காலையில் குக்கர் விசில் அடித்தபோது அப்பா கையிலிருந்த காப்பி டம்ளர் விழுந்துவிட்டது. எவர்சில்வர் டம்ளர், அதனால் ஒன்றும் ஆகவில்லை. அம்மா தரையைத் துடைத்துவிட்டு, குக்கரை இறக்கிவைத்தாள். அரிசியைப் பானைக்கு மாற்றிச் சோறு வடித்தாள். வீட்டில் கேஸ் தீரப்போகிற நேரத்தில் இது சிக்கனமே இல்லை.

ஜனவரி 9, வியாழன்

இன்றும் வயிறு சரியில்லை. ஓமத் தண்ணீர்.

ஜனவரி 12, ஞாயிறு

ஹாரன் வாங்க நானும் அப்பாவும் பஸ்ஸில் சத்தியமங்கலம் போனோம். அப்பா ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். காரப்பள்ளம் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் வலது காலால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். டிரைவர்களுக்கு அது பழக்கம் போலிருக்கிறது.

அக்பர் பாய் கடையில் சுவர் முழுக்கக் குழல்கள். நாதஸ்வரங்களைத் தலைகீழாக மாட்டிவைத்தது போல இருந்தது. நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"பாப்பா இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார் பாய்.

"என்ற புள்ளைதான். அவ சொல்றதுதான் வாங்கப்போறேன்" என்றார் அப்பா.

மூன்று வகை இருந்தன. முதலாவது கரண்டில் ஓடும் நத்தை வடிவ ஹாரன். விலை மலிவு. பாய் அடித்துக் காட்டினார். கொசுவுக்குச் சளி பிடித்தால் எப்படியோ அப்படி. இரண்டாவது நாலு குழல் ரயில் ஹாரன், தனி கம்ப்ரஸர், தனிக் காற்று டேங்க் எல்லாம் சேர்த்து. விலையைக் கேட்டதும் அப்பா வெளியே போய் ரோட்டைப் பார்த்தார். மூன்றாவதும் அதே நாலு குழல்தான், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றியது. கம்ப்ரஸர் கிடையாது. லாரியில் பிரேக்குக்காக ஏற்கனவே காற்று டேங்க் இருக்கிறது. அதிலிருந்தே குழாய் இழுத்துக்கொள்ளலாம்.

"அப்போ பிரேக்குக்குக் காத்து குறையாதுங்களா?" என்று கேட்டேன்.

பாய் என்னை மறுபடி பார்த்தார். "குறையும் பாப்பா. புது வண்டின்னா நடுவுல ஒரு வால்வு இருந்து காப்பாத்தும். உங்கப்பன் வண்டி வால்வெல்லாம் உங்கப்பன் வயசு. விட்டுவிட்டு அடிச்சா ஒண்ணும் ஆகாது. அமுக்கிப் புடிச்சுட்டே இருந்தா காத்து எறங்கிரும். எறங்குச்சுன்னா பிரேக்கு தானா புடிச்சுக்கும். அப்புறம் வண்டி நகராது."

"இந்த மாதிரி ஹாரன் சட்டப்படி தடை செய்யப்பட்டதுதானுங்களே?" என்றும் கேட்டேன். அதையும் எழுதிவைத்திருந்தேன்.

"வெள்ளியங்கிரியண்ணே, இந்தப் புள்ளைய அடுத்த தடவ கூட்டிட்டு வராதீங்க" என்றார் பாய்.

நான் யோசித்தேன். சத்தம் தூரம் போக வேண்டும். கையில் இருப்பது கண்ணாடி மாட்டியது போக மிச்சம். மூன்றாவதைச் சொன்னேன். "சுருக்குச் சுருக்குன்னு அடிச்சாப் போதும்ப்பா, அமுக்கிப் புடிக்கக் கூடாது" என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் ஊர் வரைக்கும் குழல்களை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

ஹாரனை மாட்டிப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, அப்பா கயிற்றை இழுத்தார். ரயிலேதான். பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மாடு பாதி வர்ணத்தோடு ஊர்க்கோடிக்கு ஓடிவிட்டது. அக்கா பெயிண்ட் டப்பாவோடு வந்து, "ஏனுங்க, எங்க மாட்ட நீங்கதான் போயிப் புடிச்சுட்டு வரோணும்" என்று அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள். அப்பா சிரித்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் இன்றைக்குத்தான் சிரித்தார்.

மல்லு அண்ணன் சொன்னார்: "இனி பிள்ளையாருக்கு ரயில் சத்தத்துலயே சொல்லீரலாம்."

இதை எழுத வேண்டும். அப்பாவுக்கு ஒரு வேண்டுதல் உண்டு. லாரி வாங்கிய நாள் முதல், அந்த வளைவில் மூன்று தரம் ஹாரன் அடித்து ஒரு கட்டுக் கரும்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போவார். யானை நின்றாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளையார் வழிவிடுவார் என்பார். மற்ற டிரைவர்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது அபராதம் வந்ததால் கட்டுப் போடுவதில்லை. ஹாரன் அடிப்பதற்கு யாரும் அபராதம் போடாததால் அதை மட்டும் விடவில்லை.

சனிக்கிழமை லோடு இருக்கிறது. நானும் வருகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "கூட்டிட்டுப் போங்க" என்றாள், என்னைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்து.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

மத்தியானம் கிளம்பினோம். அப்பா ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் மல்லு அண்ணன். பின்னால் கரும்பு மலை போல. அப்பா பாட்டுக்கூடப் போட்டார். புளிஞ்சூர் தாண்டியதும் அதை நிறுத்திவிட்டார்.

அந்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை. மூங்கில், வெயில், ஒரு குரங்கு. "முன்னாடியே அடிச்சு ஓட்டீரலாம்" என்று கயிற்றை இழுத்தார். மூன்று தரம். நான் சொன்ன மாதிரி சுருக்காகத்தான் அடித்தார். சத்தம் எதிர் மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இடது பக்கச் சரிவில் மூங்கில் அசைந்தது. ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வலது பக்கப் பள்ளத்திலிருந்து குட்டியோடு ஒன்று ஏறி வந்தது. எங்கள் பள்ளியில் மதிய மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக்குப் போவோமே, அப்படி வந்தன. ஓடவும் இல்லை, கோபமும் இல்லை. வந்து லாரிக்கு முன்னால் நின்றன.

அப்பா கயிற்றை இழுத்தார். இந்த முறை விடவில்லை.

எனக்குக் காதுக்குள் வலித்தது. யானைகள் காதை விரித்தன, பின்வாங்கவில்லை. குட்டி மட்டும் தாயின் கால்களுக்கு நடுவே போனது. உடனே தாய் ஓர் அடி முன்னால் வைத்தது. மல்லு அண்ணன், "அண்ணா, போதும்ண்ணா, உடுங்கண்ணா" என்று கத்தியது வாயசைவில்தான் தெரிந்தது. பிரேக் காற்றின் அளவு காட்டும் முள் இறங்கிக்கொண்டே போய்ச் சிவப்புக்குள் விழுந்தது. எச்சரிக்கை மணி கீச்சிட்டது. ஹாரன் சத்தம் ரயிலாக இருந்து, ஆடாக மாறி, பிறகு வெறும் காற்றாகி நின்றது. பின்சக்கரங்களில் பிரேக் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பாய் சொன்னது போலவே லாரி நகரவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அப்பாவின் கை கயிற்றிலேயே இருந்தது. "கைய எடுங்கப்பா" என்றேன். கேட்கவில்லை. நானே எடுத்துவிட்டேன். விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது. 

"இஞ்சின் ஓடட்டும், காத்து தானா ஏறும். பேசாம இருங்க" என்றார் மல்லு அண்ணன்.  யானைகள் லாரியின் இரண்டு பக்கமும் வந்து கரும்பை உருவின. ஒவ்வொரு இழுப்புக்கும் லாரி ஆடியது. தாய் யானை ஜன்னலை ஒட்டி நின்றது. அதன் தோலில் காய்ந்த சேறும், ஒரு சிவப்பு எறும்பும் இருந்தன. இமை முடிகள் இவ்வளவு நீளம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அப்பா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தூசி கண்ணில் விழுந்திருக்கும்.

வனத்துறை ஜீப் வந்து மெதுவாக நெருங்கியதும் அவை விலகின. கார்டு பசுவண்ணா இறங்கி வந்தார். "யாரு இந்த ஹாரன் அடிச்சது? செக்போஸ்ட்டு வரைக்கும் கேட்டுது. பள்ளத்துல மேஞ்சுட்டு இருந்ததெல்லாம் ஏறி வந்திருக்குது. எதுக்குக் கூப்புட்ட?"

"வெரட்டறதுக்குங்க" என்றார் அப்பா. குரல் சின்னப் பையனுடையது மாதிரி இருந்தது.

"இத்தன வருசமா ஹாரன் அடிச்சு அடிச்சுக் கரும்பு போட்டீங்க. இப்ப அதே ஹாரன அடிச்சு ஓடிப்போன்னா அதுக்கு எப்பிடிய்யா வெளங்கும்?"

பசுவண்ணா என்னைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு திட்டவில்லை. அபராதமும் எழுதவில்லை.

காற்று ஏறியதும் அப்பா ஆசனூர் வரை ஓட்டினார். அங்கே டீக்கடை ஓரம் நிறுத்தி, தெரிந்த டிரைவர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தார். அவர் லோடை மலையிறக்கினார். நானும் அப்பாவும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்குத் தலைச்சுற்றல்.

எது தூரமாகக் கேட்கும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்.

ஜனவரி 21, செவ்வாய்

அப்பா லாரியைக் கழுவினார். நேற்றும் கழுவினார்.

லோடு பிடித்துத் தரும் ஏஜெண்ட் வந்து, "வெட்டுன கரும்பு காயுது வெள்ளியங்கிரி. விவசாயி என்ற தலைல ஏறி உக்காந்திருக்கான். நீ ஓட்டறயா, வேற வண்டி பாக்கட்டுமா?" என்று கேட்டார். அப்பா டயர் மாற்ற வேண்டும் என்றார். டயர்கள் தீபாவளிக்குத்தான் மாற்றினோம். நான் உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

என் வகுப்பு தீபிகா இன்று அழுதுகொண்டே பள்ளிக்கு வந்தாள். அவள் வந்த பஸ் வளைவில் எதிர் வண்டிக்காக ஹாரன் அடித்ததாம். யானைகள் வந்து பஸ்ஸை மறித்து, ஜன்னல் ஜன்னலாகத் தும்பிக்கையை விட்டுத் தேடினவாம். ஒரு தாத்தாவின் பையைப் பிடுங்கிக் கிழித்தனவாம். யாருக்கும் காயம் இல்லை. "அதுக்கு என்னடி வேணும்? பஸ்ஸுல என்ன இருக்குது?" என்று என்னிடம் கேட்டாள். நீதான் நிறையப் படிக்கிறாயே என்றாள்.

தெரியாது என்று சொன்னேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். பாதிச் சோறு இருந்தது.

ஜனவரி 25, சனி

காலையில் எழுந்து பார்த்தால் அப்பா லாரியின் மேல் உட்கார்ந்து ஹாரனைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். நாலு குழலையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சத்தியமங்கலத்துக்குப் போய் விற்றுவிடுவார் என்று நினைத்தேன். காரப்பள்ளத்தில் இறங்கி, கார்டு பசுவண்ணாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முதன்முதலில் ஹாரன் அடித்துக் கட்டுப் போட ஆரம்பித்தது தான்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாருங்க?" என்று அம்மா கேட்டாள்.

"உக்காரச் சொல்லி டீ வாங்கிக் குடுத்தாரு. ஹாரனும் வேண்டாம், கரும்பும் வேண்டாம், மறிச்சா நிறுத்திட்டுச் சும்மா இருங்கறாரு. எல்லாரும் அப்பிடி இருந்தா நாளாவட்டத்துல மறந்துருமாமா."

"எத்தன நாளு?"

"அது அதுக்குத்தான் தெரியும்னாரு."

பிப்ரவரி 1, சனி

ஏஜெண்ட் கடைசியாகக் கேட்டுவிட்டுப் போனார். நாளைக்கு லோடு எடுக்காவிட்டால் இந்த அரவைப் பருவம் முழுக்க அப்பாவுக்கு லோடு இல்லை. லோடு இல்லையென்றால் லாரி நம்மிடம் இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா பாத்திரத்தை வைக்கிற விதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

சாயந்திரம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினார். "இதுல பயத்துக்கு ஏதாச்சும் போட்டிருக்குதா அம்மணி?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை.

"கண்ண மூடுனா கண்ணாடி மேல வந்து உழுகுது. ஸ்டியரிங்கத் தொட்டாலே கை வேத்துப்போகுது. எனக்குப் பயமா இருக்குது கண்ணு."

இந்தக் குறிப்புகளில் நான் வயிறு என்றும் தலைச்சுற்றல் என்றும் எழுதி வந்திருக்கிறேன்.  அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"கல்யாணமாயி இத்தன வருசத்துல அந்த வண்டீல ஒரு தடவ ஏத்தியிருக்கறீங்களா? வாரேன்."

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு அடுத்து. மல்லு அண்ணன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்.

வளைவில் அவை நின்றன. யாரும் கூப்பிடாமலே நின்றன. தாயும் குட்டியும் நடுரோட்டில்; மற்ற இரண்டும் ஓரத்தில். லாரிச் சத்தத்துக்கே தலையைத் திருப்பின.

அப்பா தூரத்திலேயே நிறுத்தினார். இஞ்சின் ஓடியது. அவர் கை தானாக மேலே போய், கயிறு இருந்த இடத்தில் காற்றைத் துழாவிவிட்டுக் கீழே வந்தது. சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. ரிவர்ஸ் கியரில் கையை வைத்தார். பின்னால் எங்களுக்குப் பிறகு வந்த வேறொரு லாரி நின்றிருந்தது. போக வழியில்லை.

"எதாச்சும் பேசு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அம்மா பேச ஆரம்பித்தாள். "ருக்குமணி ஊட்டு வெள்ளாடு இருக்குதில்லீங்க, அது நேத்து நம்ம அவரப் பந்தல்ல ஏறி அத்தனையும் தின்னுபோடுச்சு. ரெண்டு மாசமாத் தண்ணி ஊத்துனது. கேட்டா அவ சொல்றா, ஆட்டுக்கு என்ன தெரியும் அக்கா, நீங்க வேலி போட்டிருக்கோணும்ங்கறா. ஆட்டுக்குத் தெரியாது செரி, உனக்குத் தெரியோணுமில்லன்னு கேட்டேன்."

தாய் யானை லாரியை நோக்கி நடந்து வந்தது. அம்மாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, நிற்கவில்லை. "அப்பறம் என்ன பண்ணுனேன், ஆட்டப் புடிச்சு நம்ம கொட்டாய்லயே கட்டிப் போட்டுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டா. பழைய கதையெல்லாம் எடுக்கறா. அவ கல்யாணத்துக்கு நம்ம மொய் எழுதுலையாமா."

தும்பிக்கை புதுக் கண்ணாடியின் மேல் படிந்து, வழுக்கி, அப்பாவின் பக்கத்து ஜன்னலுக்கு வந்தது. அப்பாவின் சட்டையை முகர்ந்தது. அந்த மூச்சில் அவர் தலைமுடி அசைந்தது. அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் வெளுத்திருந்தன. "மொய் எழுதுனமுங்க" என்றாள் அம்மா, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. "நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்தீங்க. ஒரு குடமும் வெச்சோம். அந்தக் குடத்துல இன்னும் தண்ணி புடிக்கறா."

தும்பிக்கை வெளியே போனது. பக்கவாட்டில் கரும்பு உருவும் சத்தம். லாரி ஆடியது. கொஞ்சம் தின்றன. கட்டு விழும் என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றன. கட்டு விழவில்லை, சத்தமும் வரவில்லை. குட்டிதான் முதலில் சலித்துப்போய்ப் பள்ளத்தில் இறங்கியது. தாய் அதன் பின்னால் போனது. மற்றவை ஓரத்தில் நின்று பார்க்க, அப்பா முதல் கியரில் போட்டார்.  வண்டி ஒரு தரம் குதித்து நகர்ந்தது.

நாளை மறுநாள் மறுபடியும் லோடு இருக்கிறது. அவையும் இருக்கும்.

திம்பம் வளைவுகளில் இறங்கினோம். பிரேக் காற்று நிறைவாக இருப்பதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி வளைவு இறங்கிச் சமதளம் வந்ததும் அப்பா புளியமரத்தடியில் லாரியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அப்பறம் அந்த ஆட்ட என்ன பண்ணுன?"

 அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுத்து உட்டுட்டேன்" என்றாள்.